ஒன்பதாவது கம்பி

இதயத் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் சிறு கருவி ஒன்றை என் நண்பன் செய்துகொண்டிருந்தான். வலியசாலையில் அவன் வீடு எனக்கு அடுத்த தெரு. தம்பானூரில் இருவருக்கும் ஒரே அலுவலகம். கருவியை முதல் முறை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா முகம் சுளித்தார். கோட்டில் அங்கங்கே ஊசி போல ஒன்று எழுந்தது. வெள்ளிக்கிழமையும் அது தெரிந்தால் கருவி வேண்டாம் என்று சொல்லிப் போனார். அவனுடைய இரண்டு வருட உழைப்பு அது.

காரணம் எங்களுக்குத் தெரியும். அளக்கும் பகுதியிலிருந்து திரைக்கு எட்டுக் கம்பிகளில் எண்கள் பூஜ்யமும் ஒன்றுமாகப் போகின்றன. எட்டும் ஒரே சமயத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறினால் மின்சாரம் ஒரு கணம் தடுமாறும். அது கோட்டிலும் ஏறிவிடும். அதற்கு வழி உண்டு. நாலுக்கு மேற்பட்ட கம்பிகள் மாற வேண்டியிருந்தால், பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் புரட்டி அனுப்பலாம். புரட்டியிருக்கிறது என்று மறுமுனைக்குச் சொல்ல ஒன்பதாவது கம்பி. அவன் புரோகிராமை அப்படித்தான் எழுதினான். ஊசிகள் குறைந்தன, போகவில்லை.

தினமும் டயரி எழுதுவது என் பழக்கம். வியாழன் மதியம் நான் ஒரு தாளை எடுத்து, கம்பிகளில் இருந்ததை அளந்து பார்த்து வரிவரியாக எழுதத் தொடங்கினேன்.

"எந்தா, இதுக்கும் டயரியா? புரோகிராம்லயே எல்லாம் இருக்கேடா" என்றான் நண்பன்.

"அது நீ அனுப்ப நெனச்சது. நான் போனதை எழுதறேன்."

மூன்றாம் வரியில் பேனா நின்றது. இரண்டாம் எண் புரட்டப்பட்டுப் போயிருந்தது. மூன்றாம் எண்ணும் அதே எண்தான். மாற்றமே இல்லை என்று கணக்கிட்டு அதை நேராக அனுப்பியிருந்தது புரோகிராம். கம்பிகளில் நின்றதோ புரட்டிய எண். எட்டுக் கம்பிகளும் ஒரே சமயத்தில் மாறின.

அவன் தாளையே பார்த்தான். "கம்பில கெடக்கறதோடன்னா ஒப்பிடணும்! மனசுல இருக்கறதோட ஒப்பிட்டுட்டேன், அல்லே?"

அன்று மாலையே திருத்தினான். அவன் சொன்ன அந்த வாக்கியம் வீடு வரை என் கூடவே வந்தது. வீட்டிலும் முந்தைய பேச்சை நாம் நினைத்தபடிதான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது வேறாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஊசி எழாத கோட்டை வெகுநேரம் பார்த்தார். "இனி இதுல சாடிக் குதிக்கறது ரோகியோட ஹார்ட்தான். வார்டுக்குக் கொண்டுவாங்கோ."

நண்பன் நேரே பழவங்காடி கோயிலுக்கு நடந்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகு சொன்னான்: "டயரில நான் கண்டுபிடிச்சதா எழுதிக்கோடா."

"போனதைத்தான் எழுதுவேன்" என்றேன்.