அவள் கழித்த பிளேனர்

என் தோழி குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்த நேரத்தில், அவள் செய்த தேக்குப் பலகையின் நான்கு மூலைகளையும் வெர்னியர் வைத்து அளந்திருக்கிறேன். நான்கிலும் பதினெட்டு மில்லிமீட்டர். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வெர்னியரைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு வேண்டுமென்றேதான் எடுத்துப் போனேன்.

பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்து நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அவள் கல்யாணமாகித் திண்டிவனம் போனாள். மரவேலையை முதலில் தொடங்கியது நான். விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பழைய ஜன்னல் சட்டங்களைக் கை இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனவள், ஆறே மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, திக்னஸ் பிளேனரும் வாங்கிவிட்டாள். ஒரு பக்கம் பலகையை விட்டால் மறுபக்கம் சீவி, ஒரே கனத்தில் வெளியே தள்ளும் மெஷின். என் பலகை ஒரு ஓரம் பத்தொன்பது இருக்கும், மறு ஓரம் பதினேழரை.

அவள் பலகையைத் தொடுகிற யாரும் ஒருமுறை தடவியதோடு விடமாட்டார்கள். இன்னொருமுறை தடவுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். "கண்ணாடி மாதிரி இருக்குதுடி" என்று என்னிடமே சொன்னாள்.

எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவளிடம் மெஷின் இருக்கிறது, என்னிடம் இல்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன்.

போன மாதம் அவளே போன் செய்தாள்.

"பெருசா ஒண்ணு வாங்கப் போறேன்டி. பழச நீ எடுத்துக்கிறியா? வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல."

அன்பாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அவள் கழித்ததை நான் எடுத்துக்கொள்வதாகப் பட்டது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, சோதிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். மோட்டார் சத்தம், பெல்ட், உருளைகள், மேசையின் மட்டம் என்று பதினாறு வந்தன. உண்மையைச் சொன்னால், அது குறை கண்டுபிடிப்பதற்கான பட்டியல்.

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிடித்தால் கையோடு ஏற்றிவரலாம் என்று ஒரு குட்டி யானை வண்டி பேசிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னாடி, செக்கிங்குக்கு வந்த ஆபீசர் மாதிரி அட்டையும் பேனாவுமா வர்ற?"

"மெஷின் ஓடுதான்னு பாக்க வாணாமா?"

"பாரு, பாரு. டிக் போட்டுக்கினே பாரு."

வண்டியைப் பார்த்துவிட்டு அவள் மாமியார் வெளியே வந்தார். "வெள்ளிக்கெழமை அதுவுமா, ஓடுற மெஷின வூட்ட விட்டு அனுப்புவாங்களா? நாளைக்கு எடுத்துக்கினு போ கண்ணு."

பதினாறு வரி எழுதியவள் கிழமையை யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை ஒரு பொருளையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். தெரியாதவள் இல்லை நான். "காலையிலயே கேட்டிருக்கக் கூடாதா மேடம்? பேஜாராப் போச்சு" என்று டிரைவர் முனகிக்கொண்டே, மயிலத்தில் மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றக் கிளம்பிவிட்டார்.

அதனால் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. நான் கொண்டுபோன வேப்பம்பலகையை மெஷினில் விட்டேன். சத்தம் சீராக இருந்தது. கனம் எல்லாப் பக்கமும் ஒன்று. வரிசையாக டிக் விழுந்துகொண்டே வர, எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு பலகையின் குறுக்கே நகத்தை ஓட்டினேன். ஓர் இடத்தில் தட்டியது. தலைமுடி கனத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மேடாக ஒரு கோடு. இன்னொரு பலகையை விட்டேன். அதே இடத்தில் அதே கோடு. பிளேடு மூளியாகியிருந்தது.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"கோடு விழுதே" என்றேன்.

"ரெண்டு வருசமா விழுதுடி. பழைய கதவுல ஆணி இருந்தத பாக்காம விட்டுட்டேன்."

"அப்ப உன் பலகையில மட்டும் எப்படிக் கோடு இல்ல?"

அவள் அலமாரியிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, என் வேப்பம்பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, சில்லைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டத் தொடங்கினாள். பிள்ளையின் டியூஷன் மிஸ்ஸைப் பற்றித் திட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் சுரண்டினாள். கேப்பை மாவு மாதிரி தூள் உதிர்ந்தது. கோடு போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. கையில் கொடுத்தபோது நானும் ஒருமுறை தடவிவிட்டு, இன்னொருமுறை தடவினேன்.

மெஷின்மேல் பொறாமைப்படுவது சுலபம். அதை வாங்கிவிட முடியும். மூன்று வருடச் சமாதானம் அந்த ஷெட்டில் போயிற்று.

"வாணாம்னா வுட்ரு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாள்.

"வேணும்" என்றேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. உருளையில் இரண்டு பிளேடுகள். இரண்டும் ஒரே இடத்தில் மூளியானதால்தான் கோடு. ஒன்றை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால், ஒன்று விட்டதை மற்றது சீவிவிடும். அவள் இரண்டு வருடமாகச் சுரண்டியிருக்கிறாள், திறந்து பார்க்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போதும் சொல்லவில்லை, பஸ் ஏற்றிவிட வந்தபோதும் சொல்லவில்லை.

மறுநாள் மெஷினுக்குக் குங்குமம் வைத்து, அதே டிரைவரிடம் அனுப்பியிருந்தாள். வேலை முடிந்து வந்ததும் பிளேடை நகர்த்தினேன். கோடு மறைந்தது. நான்கு மூலையும் பதினெட்டு. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"கோடு எங்கடி போச்சு?" என்று பதில் வந்தது.

பதில் போடுவதற்குள் அம்மா மாடிக்கு வந்தாள். பலகையைத் தடவினாள். "நல்லாத்தான் இருக்குது" என்று வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள். ஒருமுறைதான் தடவினாள்.

அம்மா போனதும் தட்டச்சு செய்தேன். "சொல்றேன். வர்ற வெள்ளிக்கெழமை வா. வரும்போது அந்தக் கண்ணாடிச் சில்ல எடுத்துக்கினு வா."

"அது எதுக்குடி உனக்கு? உன்கிட்டதான் இப்ப மெஷின் இருக்குதே."

"எடுத்துக்கினு வாடி" என்று மட்டும் அனுப்பினேன்.