கை நடுங்கி எடுத்த படம்

ஆஷாவின் கண்ணுக்குத் தப்பிய பனியன் திருப்பூரிலேயே கிடையாது என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள். செக்கிங் மேஜையில் நின்றாள் என்றால், ஊசிமுனை ஓட்டைக்கும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. அதே கண்ணோடுதான் வீட்டிலும் குடித்தனம் நடத்தினாள். பாவம், அவள் புருஷன் பாண்டித்துரை.

அவன் கட்டிங் மாஸ்டர். 2007 கோடையில் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனால் கட்டுக்கட்டாகத் துணி வெட்டின கையால் சோறு பிசைய முடியாதவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? மூலையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

தீபாவளிக்குக் கம்பெனி மூடியதும், கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள தன் ஊருக்கு அவனை அழைத்துப் போனாள். மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடக்க மருந்துவாழ்மலை இருந்தது. கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் சிவபிரகாஷ் தன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தான். "கொண்டு போங்கக்கா, அண்ணனுக்குப் பொழுது போவுமுங்க."

சும்மா நட என்றால் நடக்காதவன் கேமராவைக் கண்டதும் கிளம்பினான். வெயில் ஏறுமுன் மெல்ல ஏறுவார்கள். கடல் தெரியும் பாறைக்கு முன்பே அவனுக்கு மூச்சு வாங்கும், திரும்பிவிடுவார்கள். ஆஷா எருக்கம்பூ, தும்பி, தென்னந்தோப்புக்கு மேலே போகும் கொக்குகள் என்று எடுத்துத் தள்ளினாள். பாண்டித்துரையோ தினமும் ஒரே பனைமரத்தைத்தான் எடுத்தான். அதுவும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வெட்கப்படுகிறான் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் படங்களைப் பார்க்க உட்கார்ந்தாள். பழக்கதோஷம் விடுமா? இதழ் கிழிந்த பூ, தலை வெட்டுப்பட்ட கொக்கு, ஆடிக் கலங்கிப்போன பனைமரங்கள், எல்லாம் ரிஜெக்ட். ஒவ்வொன்றாக அழித்தாள்.

பிறகு பாண்டித்துரை கேமராவை வாங்கித் தேடினான். முகம் செத்துப்போயிற்று.

"ஏளா, என் பனையெல்லாம் எங்க?"

"எல்லாம் ஆடியிருந்துச்சுங்க. அழிச்சிட்டேன்."

"ஆட்டம் குறையுதான்னு பாக்கத்தானளா எடுத்தேன். அம்புட்டும் வலது கையால எடுத்தது. மொத நாளு மரமே தெரியல. நேத்து மட்டையெல்லாம் தெரிஞ்சுது."

ஊர்க்குறையெல்லாம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, கட்டினவன் கை தேறிவருவது தெரியவில்லையே! ஆஷா உடைந்து அழுதாள். கடைசியில் அவன்தான் தேற்ற வேண்டியதாயிற்று.

"விடுளா. படம்தான போச்சு, கை எங்கிட்டதான இருக்கு. நாளைக்கும் எடுக்கலாம்."

மறுநாள் பனைமரத்தையும் தாண்டி, கடல் தெரியும் பாறைக்கே ஏறிவிட்டார்கள். "அங்கன நில்லு" என்றான். முதல்முறையாக அவளைப் பார்த்து நின்று, இடது கையை இறக்கிவிட்டு, வலது கையால் மட்டும் கேமராவைத் தூக்கினான். விரல் திணறியது, வழுக்கியது, மறுபடி பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கியது.

லீவு முடிந்து வந்ததும், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேஜை மருதம்மாள் வாங்கிப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, படம் ஆடியிருக்குது. உன்ர கண்ணு ரெண்டும் மூடியிருக்குது. இதைய எப்படிப் பாஸ் பண்ணுனே?" என்று சிரித்து, மூடிய கண்மேல் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"அவரு விரல் அமுக்குறதப் பாத்தேன்க்கா," என்றாள் ஆஷா. "சாமிக்கு நன்றி சொல்லத்தான் கண்ண மூடுனேன்."

மருதம்மாள் படம் கிழியாமல், நகத்தால் மெல்ல அந்த ஸ்டிக்கரை உரித்தெடுத்தாள்.