வாழைக்கன்றும் மூன்று சாட்சிகளும்

மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னால் அது உண்மை. இதைத்தான் குற்றவியல் மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்தேன். அதைவிட மோசம், நானே அதை நம்பினேன். நான் எடுக்கும் பாடம் குற்றங்களின் வரலாறு. பழைய வழக்குகளைப் பிரித்து, சாட்சியங்களை அடுக்கி, யார் செய்திருப்பார்கள் என்று தீர்மானிப்போம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்தத் தைரியம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு காலை, இன்ஸ்பெக்டர் தணிகாசலம் போன் செய்தார். என் பழைய மாணவர். கடைசி பெஞ்ச்.

"சார், அடையாறுல பழைய வீட்ட இடிச்சு ஃபிளாட் கட்டறாங்க. பின்னாடி தோண்டசொல்ல மனுச எலும்பு வந்துகீது. இது உங்க கேஸா, என் கேஸா? வந்து சொல்லுங்க."

ரொம்பப் பழையது என்றால் வரலாறு, என்னுடையது. இல்லையென்றால் கொலை, அவருடையது. ஆட்டோவில் போகும்போதே அது எனக்கே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குழியைப் பார்த்ததும் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். எலும்புகள் பாலிதீனில் சுற்றியிருந்தன. சேறு அப்பியிருந்த மண்டையோட்டின் மேல்பாதி, தேங்காய் மூடி மாதிரி, ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. இதெல்லாம் பழகியவன் மாதிரி காட்டுவதற்காக ஜேசிபி மேல் சாய்ந்தேன்.

"யோவ் சார், இஞ்சின் சூடா கீது, கைய எடு!" என்று டிரைவர் கத்தினார்.

வீட்டுச் சொந்தக்காரர் ஃப்ளோரா டீச்சர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தார். தடயவியல் ஆட்கள் வர மதியம் ஆகுமாம். "அதுவரைக்கும் தெருவுல விசாரிக்கலாமே" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தெருமுனை இஸ்திரிக்காரர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், எதிர்வீட்டு விசாலம் மாமி. மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: முப்பது வருடம் முன்னால் டீச்சரின் கணவர் ஒருநாள் திடீரென்று காணாமல் போனார், மறுநாளே டீச்சர் கொல்லையில் குழி தோண்டி வாழைக்கன்று வைத்தார்.

"நேக்கு அப்பவே சந்தேகம்" என்றார் மாமி. "ஆம்படையான் போன துக்கத்துல யாராவது வாழை வைப்பாளோ? அது குலை தள்ளினப்போ எங்காத்துக்கும் பழம் குடுத்து அனுப்பினா. நான் தொடலை. இவர்தான் சாப்ட்டார்."

மூன்று சாட்சிகள், ஒரே வாக்கியம். தணிகாசலத்திடம் வகுப்பு எடுப்பதுபோல விளக்கினேன். அவர் தலையாட்டினார். கடைசி பெஞ்சில் இருந்தபோது ஒருநாளும் ஆட்டாத தலை.

"டீச்சர ஸ்டேஷனுக்கு இட்டாந்துடலாம் சார். நீங்களும் வாங்க, பேச்சு மரியாதையா போவும்."

ஒரு பெண் காவலரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. தெருவே செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒருமுறை போலீஸ் ஜீப்பில் ஏற்றினால் போதும், எழுபதைத் தாண்டிய அந்த அம்மா புது ஃபிளாட்டுக்குக் கொலைகாரியாகத்தான் குடிவருவார். ஏற்றப்போவது என் பேச்சு.

"மூணு பேரும் கண்ணால பாத்தாங்கல்ல சார்?" என்றார் தணிகாசலம்.

"பின்ன?" என்றேன். நான் அதைக் கேட்கவே இல்லை. நம்பர் வாங்கி வைத்திருந்ததால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

இஸ்திரிக்காரர்: "நானா? நான் இந்தத் தெருவுக்கு வந்தே பத்து வருசம் ஆவல சார். மேனேஜரு சொல்வாரு."

மேனேஜர்: "விசாலம் மாமி சொன்னதுதான் சார்."

மாமி: "பாத்தேனாவது! நாங்க அப்போ டெல்லியிலன்னா இருந்தோம். திரும்பி வந்தப்போ வேலைக்காரி சொன்னா. அவளும் இப்போ ஊரைவிட்டே போயிட்டா."

என் மூன்று சாட்சிகளும் சேர்ந்து, ஊரைவிட்டே போய்விட்ட ஒரு வேலைக்காரம்மா ஆனார்கள். ஜீப் மந்தைவெளியில் திரும்பிக்கொண்டிருந்தது.

"தணிகாசலம், ஒரு டீ சாப்பிடலாமா?"

"இப்பதான குடிச்சோம்?"

"இன்னொரு டீ."

அவர் நிறுத்தவில்லை. ஃப்ளோரா டீச்சர் கதவைத் திறந்து, "உக்காருங்க, காபி போடறேன்" என்றார். "ஐயோ வேண்டாம்!" என்று நான் அலறிய அலறலில் பெண் காவலர் லத்தியைப் பிடித்துவிட்டார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர்... எங்க?"

"திருச்சியில. வேற குடும்பத்தோட. ஏன்?"

எலும்பு கிடைத்ததைச் சொன்னோம். டீச்சர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, உங்கள நான் கொன்னு பொதைச்சிட்டேனாம். போலீஸ் வந்திருக்கு, பேசுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. "ஃப்ளோரா... எனக்கு பி.பி. இருக்கு. இப்படியெல்லாம் பொசுக்குன்னு சொல்லாத."

போனை வைத்துவிட்டு டீச்சர் சொன்னார். "அது மாடியில குடியிருந்த மெடிக்கல் காலேஜ் பையனோடது. அப்பல்லாம் படிக்கறதுக்கு நிஜ எலும்பே வாங்குவாங்க. காலி பண்ணும்போது விட்டுட்டுப் போயிட்டான். குப்பையில போட மனசு வரல. ஒரு ஜெபம் சொல்லிப் பொதைச்சேன், மேல வாழை வச்சேன். இவர் போய் ரெண்டு வருஷம் கழிச்சு. தசை ஒட்டற இடத்துக்கெல்லாம் அந்தப் பையன் சிவப்பும் நீலமும் பெயிண்ட் அடிச்சிருப்பான், கழுவிப் பாருங்க."

தணிகாசலம் அடையாறுக்குப் போன் போட்டார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "ஆமா சார்," என்றார் கான்ஸ்டபிள், "ரெண்டு கலரும் கீது. மண்டையில கொக்கி கூட கீது. டப்பா மூடி மாதிரி தொறந்து மூடலாம்."

நான் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டு டம்ளர்.

"மூணு பேரக் கேட்டீங்களே சார்," என்றார் டீச்சர், "எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? உயிரோடதான இருக்கேன்?"

இந்த ஒரு கேள்வியைத்தான் இப்போது முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதுகிறேன். எத்தனை பேர் சொன்னார்கள் என்பது அதற்கு அப்புறம்.

கிளம்பும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். "சரி, அது யாரு? அந்த எலும்புக்குச் சொந்தக்காரங்க? அதக் கண்டுபிடிப்பீங்களா?"

"அதுக்குக் கேஸ் இல்லியே மிஸ்" என்றார் தணிகாசலம். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சில வாரங்களில் ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. படிப்புக்காகத் தயார் செய்யப்பட்ட எலும்புகள். ஒரு பெண்ணுடையவை. வயது இருபதை ஒட்டி இருக்கலாம். பெயர் தெரியாது. விசாரணை அத்தோடு முடிக்கப்பட்டது.