மூக்கு அழிந்த ஜனாதிபதி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினாலும் யார் நம்பப்போகிறார்கள்? பனியன் கம்பெனியில் நான் அயர்ன் டேபிளில் நின்ற காலத்தில், வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

அப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. நெஞ்சில் கறுப்புக் கோடுகளால் வரைந்த ஒரு வயதானவர். கோட்டு இல்லை, வெறும் சட்டை. மூக்கு மட்டும் தக்காளிச் சிவப்பு. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்திருந்த என் நண்பன் தனியாகப் பார்க்கும் முதல் ஆர்டர் அது. சொதப்பினால் சொந்த ஊர் வெள்ளகோவிலில் அவனை விசைத்தறியில் நிறுத்த அவன் அப்பா தயாராக இருந்தார்.

நண்பன் நீட்டிய சாம்பிளை முதலாளி கள்ள நோட்டுப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு கண்ணு இது?"

"அமெரிக்காவுல பழைய ஜனாதிபதிங்க."

"ஜனாதிபதி கோட்டுப் போடாம இருப்பாரா? எனக்கென்னமோ பையரோட மாமனாராட்டத் தெரியுது. சாக்கிரதையாப் பாரு. சரக்குத் திரும்பி வந்துச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிரலாம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்டர் கொடுத்த பையரின் ஏஜென்ட் கோயமுத்தூர்க்காரர். அவர் வந்தபோது டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். படத்திலிருந்த மனிதர் பதவியேற்ற அன்று குளிரில் கோட்டே போடாமல் மணிக்கணக்கில் பேசினாராம். ஒரே மாதத்தில் செத்துப்போனாராம். சளி பிடித்ததுதான் காரணம் என்று ஊரில் பேச்சாம். அவர்மேல் பிரியம் வைத்த ஒரு கூட்டம், பெரிதாக எந்தக் கெடுதலும் செய்ய நேரமே கிடைக்காத நல்லவர் என்று அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறதாம். அதற்குத்தான் இந்த டி-ஷர்ட். கேட்டதை அப்படியே நண்பனிடமும் சொன்னேன்.

எனக்கு ஜனாதிபதியைப் பிடித்துப்போனது. எங்கள் கம்பெனியிலும் ஒரு மாதத்தில் காணாமல் போகிற டெய்லர்கள் உண்டு. அவர்களுக்கு யார் கேக் வெட்டினார்கள்?

பிரிண்ட் ஆகி முதல் லாட் வந்த அன்று, நண்பன் சாம்பிளை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தான். செக்கிங்கில் குறை தெரிந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கறை என்றால் கெமிக்கலைப் பீய்ச்சும் துப்பாக்கியால், அதாவது கன்னால், அடித்து எடுப்பார்கள். நான் எட்டிப் பார்த்தபோது ஜனாதிபதிகள் எல்லோர் மூக்கையும் அம்பு காட்டிக்கொண்டிருந்தது. செக்கிங்குக்குத் தலைவி ஒரு திருநெல்வேலி அக்கா. கையில் கன்னோடு நின்றார்.

"அக்கா, அது கறை இல்ல. அவருக்குச் சளி."

"எவருக்குலே?"

"ஜனாதிபதிக்கு. மூக்கச் சிந்திச் சிந்திச் செவந்துருச்சு. ஒரு மாசத்துல ஆள் போய்ட்டாரு."

டேபிளே சிரித்தது.

"செத்த மனுசன் மூக்க வச்சுக் கேலியா? நம்மூர்ல ஒரு தலைவர் படத்த இப்படிப் போட்டா பஸ்ஸு ஓடுமாலே? ஞாயித்துக்கெழம வேலை இருக்குன்னு சொல்லி என்னயப் பூட்டுன கேட்டுக்கு வரவச்ச பயதான நீ?"

அக்கா மூக்கைக் குறிபார்த்துக் கன்னை அடித்தார். சிவப்போடு மூக்குக் கோடும் கரைந்தது.

"மூக்கு எங்கக்கா?"

"கறை போச்சுல்லா?"

நண்பனுக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தத்தில் அவன் எடுக்கவில்லை. ஒரு கூடை முடிந்து அடுத்த கூடை வந்தது. அக்கா திரும்பிய நேரம் பார்த்துக் கன்னைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன்.

"கன்னக் களவாண்டுட்டான்!"

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே முதலாளி குரல் கேட்டது, எப்போதும் போல மரியாதையாக.

"ஏஞ்சாமி, அத எங்க விக்கறதா உத்தேசம்?"

"விக்கலீங்க. மூக்கக் காப்பாத்தறேனுங்க."

"வாட்ச்மேனக் கூப்பிடுங்க."

நல்லவேளை, வாட்ச்மேனுக்கு முன்னால் நண்பன் வந்துவிட்டான். மூக்கில்லாத ஒரு ஜனாதிபதியைக் கையில் எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முகத்தில் வெள்ளகோவில் தெரிந்தது. அப்புறம் சாம்பிளைப் பிரித்துக் காட்டினான். முதலாளி சாம்பிளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

"இதயும் நீதான் வரஞ்சியா?"

கெட்டது ஒரு கூடைதான். கூடுதலாக வெட்டி வைத்திருந்த பீஸ்களில் பிரிண்ட் அடித்து ஈடுகட்டினோம். ஏஜென்ட் பாஸ் பண்ணினார், சரக்குக் கப்பலேறியது, நண்பன் தப்பித்தான். கெட்டதை முதலாளி எங்களுக்கே கொடுத்துவிட்டார். அந்த வாரம் எங்கள் காலனியில் ஜனாதிபதி தண்ணீர்க் குடம் தூக்கினார், கிரிக்கெட் ஆடினார், அக்கா வீட்டுக்காரர் நெஞ்சில் சர்ச்சுக்கும் போனார். அவரை அமெரிக்காவில்கூட இத்தனை பேர் ஒரே தெருவில் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

பேக்கரியில் டீ குடிக்கும்போது நண்பனிடம் கேட்டேன்: "இப்பவாச்சும் நான் சொன்னது நெசம்னு ஒத்துக்குவியாடா?"

"மூக்கு செவப்புங்கறது நெசந்தான்டா மாப்ள, ஆனா அந்த ஒரு மாச ஜனாதிபதிக் கதைய நான் இன்னும் நம்பலே."