அப்பா பாவசங்கீர்த்தனம் செய்த சனிக்கிழமை

இன்று திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ ரைஸ் மில்லு சவரி புள்ளதானே? அதே மூஞ்சி. நான் மாதாகோயிலாண்ட சைக்கிள் கடை வச்சினு இருந்தேன்.”

அப்பா 1973இல் மில்லிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். சாமியார் வருவதற்குள் உயிர் போய்விட்டது; சாகும் நேரத்தில் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கிடைக்கவில்லை. அடக்கப் பூசையெல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனாலும், பல வருடம் கோயில் பக்கமே போகாதவர் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்காமல் பாவத்தோடு போய்விட்டாரே என்று அம்மா இன்றுவரை அழுகிறாள்.

அதைச் சொன்னதும் பெரியவர் பதறிப்போனார்.

“யாரு சொன்னது? சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சனிக்கிழமை சாயந்தரம், சைக்கிள என்கிட்ட வுட்டுட்டு, ‘பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வரேன்’னு உள்ள போனாருப்பா. சிரிச்சிக்கினே வெளிய வந்தாரு.”

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.

கேட்டுவிட்டு அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

“அத ஊட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம் அந்த மனுசனுக்கு?”

இத்தனை வருடம் கழித்து அப்பாவுக்குத் திட்டு விழுந்ததில் எனக்கு அப்படியொரு நிம்மதி. உங்கள் வீட்டு அப்பாக்களும் இப்படி வாயே திறக்காதவர்கள்தானா?