முகத்துவாரம் மூடிய வருஷத்து வீடியோ

மீஞ்சூர் ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது மோகனப்பிரியாவின் வேலை. பழவேற்காட்டை அடுத்த குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய்வர ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்தால் திரையைப் பார்க்கவே பிடிக்காது.

அந்த வருஷம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறி, படகுகள் கடலுக்குப் போக முடியாமல் நின்றன. வரும் வெள்ளிக்கிழமை அதைப் பற்றி அதிகாரிகளோடு கூட்டம் இருந்தது. பெரியப்பா முறையான கோதண்டம் தன் போனில் எடுத்ததையெல்லாம் கொண்டுவந்து, அங்கே போட்டுக்காட்ட ஒரு வீடியோவாக்கித் தரச் சொன்னார். அவளால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தாள். யாரோ காசு கட்டாமல் நகலெடுத்துக் கொடுத்திருந்த எடிட்டிங் சாப்ட்வேர், உரிமம் செல்லாது என்று சொல்லி நின்றுவிட்டது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்க்க முதலாளி விடமாட்டார். தேடித் தேடி கேடென்லைவ் என்ற சாப்ட்வேரை இறக்கினாள். யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருந்தது அது.

பழகிய பட்டன் எதுவும் பழைய இடத்தில் இல்லை. விரல்கள் தானாகப் பழைய கட்டளைகளையே அழுத்தின. ஒரு கல்யாண வீடியோவை முடிக்கும் நேரத்தில் மூன்று நிமிஷப் படம்தான் நகர்ந்தது. செவ்வாயன்று வேலையின் நடுவில் சாப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது, முந்தைய நிலையை மீட்கட்டுமா என்று அதுவே கேட்டது. செய்ததெல்லாம் அப்படியே திரும்பி வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து குரல். கோதண்டம் மணல்திட்டில் நின்று பேசியதில் காற்றுதான் கேட்டது. ஆடாசிட்டி என்ற இன்னொரு இலவச சாப்ட்வேரில், வெறும் காற்றடித்த இரண்டு நொடியைப் பிடித்துக் காட்டி, இந்தச் சத்தத்தை எடு என்றாள். முழுசாகப் போகவில்லை. பேச்சு மட்டும் புரிந்தது.

கேட்டுவிட்டுக் கோதண்டம் சொன்னார்: "தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி கீதுமா."

"இன்னும் எடுத்தா உங்க குரலும் போயிடும் பெரியப்பா. இவ்ளோதான் முடியும்."

"சொன்னது புரியுதில்ல, போதும்."

கூட்டத்தில் அவள் முடித்துக் கொடுத்த ஒன்பது நிமிஷ வீடியோ முழுசாக ஓடியது. எந்த மாதம் எடுத்தது என்று ஓர் அதிகாரி கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து இயந்திரம் வந்தது. ஒரு வாரம் மணலை அள்ளிவிட்டுப் போனது. சின்னப் படகுகள் மட்டும் கடலுக்குப் போகின்றன. பெரிய படகுகளுக்கு இன்னும் வழியில்லை.

மறுபடி ஒருமுறை படம் எடுக்க வேண்டும் என்று கோதண்டம் சொல்லியிருக்கிறார். சரி என்றிருக்கிறாள் மோகனப்பிரியா. பழைய சாப்ட்வேரை மறுபடி ஏற்றித் தருகிறேன் என்று ஸ்டுடியோவில் ஒருவர் சொன்னபோது, இதுவே இருக்கட்டும், அது மறுபடி நின்றுபோனால் இன்னொரு தடவை புதுசாகப் பழக என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.