பதினான்காம் குழியின் கடைசி வரி

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். குறிப்பேடு என் மேசையில்தான் இருக்கிறது. பென்சில் எழுத்து. என் கையெழுத்து.

1987 ஜனவரி 9. அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று. கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை. எல்லாம் பளீரென்ற வெயிலில்தான் நடந்தது. நானும் என் கணவன் டங்கனும் நியூசிலாந்திலிருந்து மண்ணை ஆராயப் போனவர்கள். அவன் குழி தோண்டி, ஒவ்வோர் அடுக்கின் ஆழம், மண், நிறம் எல்லாம் சொல்வான். நான் காற்றுக்கு முதுகு காட்டி, கோட்டின் முக்காட்டை இழுத்துவிட்டு எழுதுவேன். குழி எனக்குப் பின்னால் இருக்கும். எட்டு வருடப் பழக்கம். கேட்டதை எழுதுவேன், திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பிற்பகல் 2.10. அந்தப் பயணத்தின் பதினான்காம் குழி. மண்வெட்டி 'டண்' என்றது. இருபத்தெட்டு சென்டிமீட்டரில் உறைந்த மண். அதற்குக் கீழே கடப்பாரைகூட இறங்காது.

"ஏரியில கொஞ்சம் ஐஸ் வெட்டிட்டு வரேன், ரோ. டீ குடிச்சிட்டு எழுதலாம்."

"நேத்து நீ போட்டது டீயா? மண்ணு கழுவின தண்ணி!"

"எழுத்தாளரம்மாவுக்குக் கை உறைஞ்சாலும் வாய் உறையாது!"

சிவப்புக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

2.40. சரளையில் காலடிச் சத்தம். சரக்... சரக்... குழிக்குள் மண்வெட்டி சுரண்டியது.

"பூஜ்யத்துலேர்ந்து நாலு. மணல்."

"டீ எங்கே?" கேட்டுக்கொண்டே எழுதினேன்.

"நாலுலேர்ந்து முப்பது. வெள்ளை ஐஸ்."

குழியில் கல்லும் மணலும்தானே இருந்தன? குரலும் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. கேலி செய்கிறான் என்று நினைத்தேன். எழுதினேன்.

நீண்ட நேரம் சுரண்டல் மட்டும்.

"முப்பதுலேர்ந்து அறுபத்தஞ்சு. தெளிஞ்ச ஐஸ்."

"விளையாடாத, டங்கன். அவ்வளவு ஆழம் யாரால தோண்ட முடியும்?"

"அறுபத்தஞ்சுலேர்ந்து நூத்தெட்டு. ஐஸ். குமிழி."

அதையும் எழுதினேன்...

"நூத்தெட்டு. கம்பளி. சிவப்பு."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

குழி அதே இருபத்தெட்டு. மண்வெட்டி அவன் வைத்த இடத்திலேயே.

மணி 3.15.

ஓடினேன். ஏரி ஓரத்தில் ஐஸ் உடைந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. பக்கத்தில் அவன் கோடரி. தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். கத்தினேன். கை மரத்துப்போகும்வரை துழாவினேன்... ஒன்றும் அகப்படவில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும். காற்று தணிந்து ஹெலிகாப்டர் வரும்போது இரவு ஒன்பது. மூன்று நாள் தேடினார்கள்.

டங்கன் கிடைக்கவில்லை.

முப்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

தேடலை நடத்தியவர் விரெமு. குறிப்பேட்டை அவரிடம்தான் கொடுத்திருந்தேன். அடுத்த நவம்பரில், ஐஸ் உருகுமுன், ஏரியில் அதே இடத்து ஐஸை அறுத்து டங்கனை எடுத்தார். எங்கள் வேலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அளந்து பார்த்து டிக் போடுவது வழக்கம். அறுத்த ஐஸை அடுக்கடுக்காக அளந்துவிட்டு அவர் திருப்பித் தந்த பக்கத்தில் எல்லா வரிகளுக்கும் டிக் இருந்தது. கடைசி வரிக்கும்.

"ரோவீனா... இந்த ஐஸ் போன குளிர்காலத்துல உறைஞ்சது. அதுக்கு முன்னாடி அங்க வெறும் தண்ணிதான். நீங்க இத எப்ப எழுதினீங்க?"

பக்கத்தின் தலைப்பைக் காட்டினேன்.

ஜனவரி 9. பிற்பகல் 2.40.